கிணத்துக்கடவில் நியோசா

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தன் மண்ணில் விளைவது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. போனில் எவனோ ஒருவன் ஒரு செடியைக் காட்டுகிறான். மறுநாளே அது வேண்டும் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து சுரேந்தர் படித்த பையன். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தென்னையில் பாதியை வெட்டிவிட்டு டிராகன் பழம் போட்டான். அது சலித்ததும் அவகாடோ போட்டான். இப்போது தொட்டியில் ஆப்பிள் வைத்திருக்கிறான். பொள்ளாச்சி ரோட்டு வெயிலில் ஆப்பிள்! தினமும் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்து ஊருக்கே அனுப்புகிறான். காய் எங்கேடா என்று கேட்டால், "அதெல்லாம் வரும்ங்க பெரியப்பா, நீங்க வாயை வெக்காம இருந்தாச் சரி" என்கிறான்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் ஒரு நன்மை, யார் சொல்வதையும் சட்டென்று நம்பும் பழக்கம் வரவில்லை. உரக்கடைக்காரன், மழை வரும் என்று டிவியில் சொல்கிறவன், கண்ணில் பூ விழுந்திருக்கிறது ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிற டாக்டர், எல்லாரும் எனக்கு ஒன்றுதான். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. பிலோமினாதான், அதாவது என் வீட்டுக்காரி, தெரியவில்லை என்கிறாள்.

இப்படிப்பட்ட என் வீட்டுக்கே அந்தச் செடி வியாதி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் என் கூடப்பிறந்த தங்கை கிருபாவதி.

கிருபாவதி வடக்கே இமாசலத்தில், கின்னௌர் மலையில், ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியில் வார்டனாக இருந்தவள். தாவணி போட்ட வயசு தாண்டியதும் போனவள், தலை முழுக்க நரைத்து ஜூன் மாதம்தான் ஓய்வு பெற்று வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் மீதி நானும் அவளும்தான். வீட்டின் தென்புறத்து அறையை வெள்ளையடித்து, புது ஃபேன் மாட்டி வைத்திருந்தேன்.

என் மகன் ஜெரால்டு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் காரில் போய் அவளை ஸ்டேஷனில் இருந்து கூட்டிவந்தான். சாமான் என்று பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு மூட்டை ஸ்வெட்டர், ஒரு துணிப்பை. ஸ்வெட்டரைக் கிணத்துக்கடவில் எங்கே போடுவாள் என்று நான் யோசிக்கும்போதே துணிப்பையை அவிழ்த்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள். பழுப்பு நிறத்தில், நீளநீளமாக, மெல்லிய ஓட்டோடு இருந்தது.

"என்ன அம்மணி இது, ஈச்சங்கொட்டையா?"

"நியோசாங்ணா. அங்கத்த பைன் மரத்துக் கொட்டை. ஓட்டை உரிச்சுக் கடிச்சுப் பாருங்க."

கடித்தேன். பால் பிடித்த நிலக்கடலை மாதிரி இருந்தது. முடிவில் புதுக் கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் வாசம் லேசாக வந்தது. நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

"இதைத்தானுங்ணா நம்ம வாசல்ல வெக்கப் போறேன்."

"எதை? பனிக்கட்டி கொட்டற ஊரு மரத்தையா? இங்க பனின்னா மார்கழியில நாலு நாளு காதுல துண்டைக் கட்டிக்கறதுதான்."

"வெச்சுத்தான் பாக்கலாமே. பாறை இடுக்குல, தண்ணியே இல்லாத எடத்துலகூட நிக்கும்ங்ணா அது. பனியத் தாங்குனது வெயிலத் தாங்காதா?"

"வெயிலு வேற, பனி வேற."

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் மாறிப்போயிருந்தது.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அவள் பேச்சுக் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"கோயில்ல யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதாங்ணா. எப்ப வந்தீங்க, எப்பக் கெளம்பறீங்க. ஒருத்தர்கூட இருக்கீங்களான்னு கேக்கலை. நான் இந்த ஊருக்கு வந்துட்டுப் போற ஒறம்பரையாப் போயிட்டேன். எனக்கே அப்படித்தான் இருக்குது. இந்த வெயிலு, இந்தக் காத்து, ஒண்ணும் ஒடம்புக்கு ஒட்ட மாட்டேங்குது."

"அதுக்கு?"

"அங்க என்கிட்ட வளந்த புள்ளைங்க ராம்பூர்ல ஒரு ரூம்பு ஒதுக்கி வெச்சுட்டு வாங்க வாங்கன்னு கூப்புடறாங்க." காப்பியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இந்தக் கொட்டைல ஒண்ணே ஒண்ணு இந்த மண்ணுல எந்திரிச்சு நின்னாப் போதும், நானும் இங்கயே இருந்துக்கறேன். இல்லீன்னா கிறிஸ்மஸ் நோம்பி முடிஞ்சதும் மலைக்கே போயிர்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணன் ஊட்ல இருக்கறதுக்கு ஒரு கொட்டைகிட்டயா ரோசனை கேப்பே? போறதுன்னா இப்பவே போ!"

பிலோமினா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அவிய மனசு விட்டுப் பேசறாங்க. நீங்க என்னமோ மாட்டை முடுக்கற மாதிரி முடுக்கறீங்க."

நான் எழுந்து தோப்புக்குப் போய்விட்டேன். போனவன் ஒரு வேலையும் செய்யவில்லை. அவள் போய்விட்டால் என்னை அண்ணா என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அது ஒரு கொட்டையின் கையில் இருக்கிறது என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

அதற்கப்புறம்தான் ஃப்ரிட்ஜ் கூத்து ஆரம்பித்தது.

காய்ந்த கொட்டையை அப்படியே ஊன்றினால் முளைக்காதாம். ஈர மணலில் கலந்து, டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைக்க வேண்டுமாம்.

"எதுக்கு?" என்றேன்.

"குளிர்காலம் வந்து போயிருச்சுன்னு அது நெனைக்கணும்ங்ணா. அப்பத்தான் முழிக்கும்."

"அப்ப வெதையவே ஏமாத்தற."

"ஆமாங்ணா, கொஞ்சம்."

"ஏமாத்தி முளைக்க வெச்சது என்னைக்கு உருப்படும்?"

அவள் பாட்டுக்கு மணலைச் சலித்தாள். பிலோமினாவுக்குத்தான் கஷ்டம். இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில் மண் டப்பா. "அம்மணி, கதவைத் தொறந்தா ஃப்ரிட்ஜாட்டவே தெரியறதில்லை, பொதைகுழியாட்ட இருக்குது" என்பாள். ஆனாலும் மாவுச் சட்டியை ஒதுக்கி இடம் விட்டவளும் அவள்தான். நாத்தனாரும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். என்னைத்தான் இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுப்பார்கள்.

தேங்காய் எடுக்க வரும் அப்துல் வஹீதிடம் அந்தக் கொட்டையைக் காட்டினேன். கோட்டைமேட்டுக்காரர், எங்கள் தோப்புக் காயை வெகுகாலமாக அவர்தான் வாங்குகிறார். வியாபாரி பார்த்தால் சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அவர் முன்பல்லால் ஓட்டைப் பிளந்து, மென்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆரோக்கியண்ணா, இது பணக்கார ஊட்டுக் கல்யாணத்துல அல்வா மேல தூவறது. சில்கோசான்னு சொல்லுவாங்க. நெசமான சரக்கு. எங்க புடிச்சீங்க?"

"என்ர தங்கச்சி மலையில இருந்து கொண்டாந்தா. வாசல்ல நட்டு வளத்தப் போறாளாம்."

வஹீது வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்த சிரிப்பில் லாரியில் ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கொட்டை நெசம்ணா. மரத்துக்கு நான் பொறுப்பில்லை."

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. நான் நம்பாமல் இருக்கலாம், என் தங்கை. அவர் எதற்குச் சிரிக்கிறார்?

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்போதும் பலமாக வரும். இந்தத் தடவை வந்த காற்றில் எங்கள் பக்கத்துக் கரண்டுக் கம்பம் சாய்ந்துவிட்டது. மதியமாகியும் கரண்டு வரவில்லை. நாளைக்கும் வராது என்றார்கள். கிருபாவதி ஃப்ரிட்ஜுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குக் காவல் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம்.

டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனேன்.

"ஐஸ் குடு."

"மீனு எங்க வாங்குனீங்க? எங்கிட்ட வாங்கலையே?" என்றான் கடைக்காரன், ஒரு மாதிரியாகப் பார்த்து.

"மீன் வாங்குனாத்தான் ஐஸா? எனக்கு ஒடம்பு சூடு. குடு."

சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் தண்ணீர் சொட்டி என் வேட்டி நனைந்துவிட்டது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு டப்பாவை நடுவில் வைத்தோம். மறுநாளும் போனேன். கிருபாவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் நம்பிக்கை வந்துருச்சுங்களா?"

"நம்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாளைக்கு முளைக்காமப் போனா கரண்டு மேல பழி போடுவே. அதுக்கு எடம் குடுக்கக் கூடாதுல்ல."

"சரிங்ணா" என்றாள் ரொம்பப் பவ்யமாக. அடுப்படியில் பிலோமினா எதற்கோ சிரித்தாள்.

அக்டோபரில் ஊன்றினாள். தொட்டியில் தண்ணீர் நிற்கவே கூடாது என்றாள். நான் பழைய கூரை ஓட்டை உடைத்து அடியில் போட்டுக் கொடுத்தேன். மேலே ஆற்று மணலும் கழுவி ஆறப்போட்ட தேங்காய் நார்த்தூளும். தொட்டிக்குச் சில கொட்டைகளாகத் தென்புறத்து வாசலில் வரிசையாக வைத்தாள். மேற்கு வெயில் படாத இடம் அதுதான். இடத்தைக் காட்டியது நான். அதைச் சொல்லிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை.

அடுத்த தொல்லை மயில். எங்கள் பக்கத்தில் மயிலைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். விதை போட்டவனைக் கேட்டால் தெரியும் அதன் லட்சணம். மண்ணைக் கிளறி ஒன்று விடாமல் பொறுக்கிவிடும், முளை வந்தால் கிள்ளிவிடும். அதனால் கோழி கவிழ்க்கிற மூங்கில் கொடாப்புகள் வீட்டில் எத்தனை உண்டோ அத்தனையையும் அந்தத் தொட்டிகள் மேல் கவிழ்த்தோம். கோழிகள் திண்டாடின. பிலோமினா கோழிகளுக்காகப் பரிந்து பேசினாள், யாரும் கேட்கவில்லை.

நவம்பர் போனது. மண் மண்ணாகவே இருந்தது. முதலில் விடிந்ததும் விடியாததுமாகக் கொடாப்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு காப்பி குடித்துவிட்டுப் பார்த்தாள். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். தண்ணீர்கூட கொடாப்பின் மேலிருந்தே தெளித்துவிட்டு வந்துவிடுவாள். ராம்பூர்ப் பெண்கள் போனில் முகம் காட்டி இந்தியில் கொஞ்சினார்கள். ஜெரால்டிடம் சொல்லி ஜனவரிக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னாள். அவனும் போட்டுவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளை, அத்தை கேட்டால் ஏன் என்று கேட்க மாட்டான், பட்டனை அழுத்துவான்.

ஸ்வெட்டர்களை வெயிலில் காயப்போட்டாள். கொடியில் வரிசையாகக் கை தொங்கவிட்டுக்கொண்டு அவை ஆடின. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் வீட்டில் குடில் கட்டுவது என் வேலை. தென்னங்கீற்றில் கூரை, நிஜ மணல், நிஜ வைக்கோல். ஆடுகள் நிற்கிற இடத்துக்குக் கேழ்வரகை ஒரு தட்டத்தில் முன்கூட்டியே விதைத்து வைப்பேன். நோம்பிக்குள் பச்சைப் பசேலென்று வந்துவிடும். அதைப் பெயர்த்து வைத்தால் பெத்லகேம் வயல்காடு மாதிரி இருக்கும். கடையில் பச்சை பிளாஸ்டிக் புல் பாய் விற்கிறார்கள். பிலோமினா அதை வாங்கியே வைத்திருந்தாள். பிளாஸ்டிக் புல்லை ஆடு தின்னுமா? மாதா என்ன நினைப்பார்கள்?

குடில் வைக்கிற அன்று காலையில் தட்டத்தைப் போய்ப் பார்த்தால், கேழ்வரகுப் பயிரில் ஒரு தலைகூட மிச்சமில்லை. மயில் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. மேலே கவிழ்க்க எனக்கு ஒரு கொடாப்பாவது வைத்தார்களா? எல்லாம் அங்கே, ஒன்றுக்கும் ஆகாத தொட்டிகள் மேல். கோபத்தோடு போய் ஓரத்துக் கொடாப்பைத் தூக்கினேன்.

உள்ளே பச்சையாக இருந்தது.

குனிந்து பார்த்தேன். கோரை. மெல்லிய தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி நாலா பக்கமும் ஊசி இலை. தோப்பில் வாழ்நாள் முழுக்க நான் பிடுங்கிய கோரைக்குக் கணக்கில்லை. நெருப்பு மாதிரி ஆத்திரம் வந்தது. என் தங்கையை நிறுத்தி வைக்கத் துப்பில்லாத தொட்டி, களையை மட்டும் ஜோராக வளர்த்து வைத்திருக்கிறது.

சரி, களை எடுத்த மாதிரியும் ஆச்சு, குடிலுக்குப் புல் கிடைத்த மாதிரியும் ஆச்சு என்று, வேர் அறாமல் விரலை விட்டு நெம்பி, அந்தத் தொட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்தேன். மணலாக இருந்ததால் சுலபமாக வந்தது. குடிலில் ஈர மணலைக் குவித்து, ஆடுகளுக்கு முன்னால் ஊன்றினேன். ஒன்றின் உச்சியில் மண் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, தட்டிவிடவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. என்ன புல்லு?"

"கோரை."

"கோரையில இத்தனை அழகா?"

சாயங்காலம் வஹீது வந்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு ஆமினா பீவி தம்ரூட் என்கிற ரவை இனிப்பு செய்து அனுப்புவார்கள். பெருநாளைக்கு இங்கிருந்து கோழிக் குழம்பும் பணியாரமும் போகும். டப்பாவைக் கொடுத்துவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்தார். கிருபாவதி பெட்டியை மூடிவிட்டுக் குடிலுக்குச் சீரியல் லைட் மாட்ட வந்தாள். பல்பு எரிந்தது. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. அவள் குனிந்தபடியே அசையாமல் நின்றாள்.

"அண்ணா."

"ம்."

"இந்தப் புல்லு எங்க புடுங்குனீங்க?"

"உன்ர தொட்டியிலதான். ஒரே கோரை. நீயும் பாக்கறதில்லை."

"கோரைக்கு மண்டைல தொப்பி இருக்குமாங்ணா?"

"என்னது?"

அவள் மண்டியிட்டு, ஒரு செடியின் உச்சியில் இருந்ததை இரண்டு விரலால் மெல்லக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். பழுப்பு நிறம். நீளம். மெல்லிய ஓடு.



"அய்யோ மாதாவே!" பிலோமினாதான் முதலில் கத்தினாள். "கண்ணைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்! மயிலுக்குப் பயந்து கோழியெல்லாம் வெளிய படுத்துது. கடைசீல இந்த மனுசனுக்கல்ல கொடாப்பைக் கவுத்திருக்கோணும்!"

வஹீதுக்குக் காப்பி புரை ஏறியது.

கிருபாவதி மண்டியிட்டபடியே அந்தச் செடிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"என்ன சொன்னே நீ? ஒண்ணாச்சும் எந்திரிச்சு நின்னாப் போதும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"எந்திரிச்சு நின்னுச்சா இல்லியா? எந்திரிக்காததை நான் எப்படிப் புடுங்குவேன்? நான் புடுங்கிப்போட்டன்னாலே அது மொளைச்சிருச்சுன்னுதான் அர்த்தம். அது பொளைக்கோணும்னு நீ சொல்லவே இல்லை. வாக்கு வாக்குதான். பெட்டியப் பிரி."

"ஏனுங்ணா, இது என்ன ஞாயம்!"

"ஞாயந்தான். பாய், நீங்க சொல்லுங்க. நாலு வெவகாரம் பார்த்தவரு."

வஹீது வாயைத் துடைத்துக்கொண்டு ரொம்ப யோசிக்கிறவர் மாதிரி தாடியைத் தடவினார். "அம்மணி, அண்ணன் சொல்றது செல்லும். புடுங்குன குத்தம் தனி. அதுக்குத் தனியா அபராதம் போட்டுக்கலாம். மொளைச்சது மொளைச்சதுதான்."

அவள் உதடு முதலில் ஆடியது. பிறகு சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். பிலோமினாவும் சேர்ந்துகொண்டாள். எனக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நின்றேன். பிறகு எனக்கும் வந்துவிட்டது.

"மத்தத் தொட்டி?" என்றாள் திடீரென்று எழுந்து. "அண்ணா, மத்தத் தொட்டியும் புடுங்கிட்டீங்களா?"

"ஒண்ணுதான். அதுக்கே குடில் நெறஞ்சிருச்சு."

இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. நாலு பேரும் தென்புறத்து வாசலுக்கு ஓடினோம். வஹீதுக்கு முட்டி வலி, அவரும் ஓடினார். கிருபாவதி கொடாப்பை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். அடுத்த தொட்டியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் மண் லேசாகப் பிளந்து, பிறந்த கோழிக்குஞ்சு கழுத்தை மடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி வெளிறிய தண்டுகள் வளைந்து கிடந்தன. தலை இன்னும் மண்ணுக்குள். அதற்கடுத்ததில் இரண்டு நிமிர்ந்துவிட்டன, ஓட்டுத் தொப்பியோடு. கடைசித் தொட்டியில் ஒரு முழுக் குடை.

"இங்க பாருங்க நங்கையா, இங்க ஒண்ணு!" என்று அண்ணியைக் கூப்பிட்டுக் கத்தினாள். "இங்க ரெண்டு! தொடாதீங்க, தொடாதீங்க! அண்ணனை அக்கட்டால நிக்கச் சொல்லுங்க!"

என்னை நாலடி தள்ளி நிறுத்தினார்கள். என் வீட்டு வாசலில்.

டீஸ்பூனை எடுத்துவந்து, குடிலில் இருந்ததை ஒவ்வொன்றாக மணலோடு பெயர்த்துப் பழைய தொட்டியிலேயே நட்டாள். வேர் ரொம்ப அறுபடவில்லை, பாதியாவது பிழைக்கும் என்றாள். ஆடுகளுக்கு முன்னால் வெறும் மணல். பிலோமினா ஒரு வார்த்தையும் பேசாமல் பச்சை பிளாஸ்டிக் பாயைக் கொண்டுவந்து விரித்தாள். பேசாமல் செய்தாள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

கிருபாவதி அங்கேயே நின்று ஜெரால்டுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, அந்த டிக்கெட்டை வேண்டாம்னு போட்டுரு."

"அத்தே! வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து இன்னிக்குத்தான் கன்பார்ம் ஆச்சு! ஏன், என்னாச்சு?"

"உங்கப்பா கோரை புடுங்கிட்டாரு."

"என்னது?"

"நீ நாளைக்கு வா, சொல்றேன்."

நோம்பி அன்று பூசைக்குப் போனபோது அவள் ஸ்வெட்டர் இல்லாமல் ஊர்ச் சேலையில் வந்தாள். கோயில் வாசலில் ஒரு அம்மா கேட்டாள், "எப்பக் கெளம்பறீங்க?"

"கெளம்பறதாவது? ஊட்ல சின்னக் கொழந்தைங்க இருக்குது" என்றாள் கிருபாவதி. அந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வஹீதும் இருந்தார். ஜெரால்டு கதையைக் கேட்டுச் சிரித்து முடிக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுரேந்தர்கூட வந்து படம் பிடித்தான். என் நிழல் தொட்டிமேல் விழுகிறது என்று என்னையே தள்ளி நிற்கச் சொன்னான். பிடுங்கி நட்டதில் மூன்று தலை நிமிர்ந்து நின்றன, மற்றவை துவண்டிருந்தன.

"ஆரோக்கியண்ணா, மொதல் காய்ப்பு எனக்குத்தான்" என்றார் வஹீது, கறியைப் போட்டுக்கொண்டே. "வேற வியாபாரிகிட்டப் பேசப்படாது. இப்பவே சொல்லிப்போட்டேன்."

"எப்ப அம்மணி காய்க்கும்?" என்று கேட்டேன்.

"இருவத்தஞ்சு, முப்பது வருசம் ஆகும்ங்ணா."

நான் சோற்றில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தேன். வஹீதைப் பார்த்தேன். அவர் நிதானமாக எலும்பைக் கடித்தார். "எனக்கொண்ணும் அவசரமில்லைங்க" என்றார்.

கை கழுவிவிட்டு எல்லாரும் மறுபடியும் தென்புறத்து வாசலில் கூடிவிட்டார்கள். கிருபாவதி தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, எதற்கு எப்போது நிழல் வேண்டும், சித்திரை வெயிலுக்கு எங்கே நகர்த்த வேண்டும் என்று ஜெரால்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சித்திரை வரட்டும்" என்றேன். "அப்பத் தெரியும் சேதி. மொளைக்கறது பெரிசில்லை. எல்லாந்தான் மொளைக்குது. நிக்கோணும்."

"நிக்க வெக்கறதுக்குத்தானுங்ணா நான் இருக்கறேன்."

"நீ இரு. உன்னை யாரு வேண்டாம்னா? நான் மரத்தைச் சொல்றேன். மலை மரம் மலைலதான். இந்த வெயில்ல இது ஒரு ஆளு ஒசரம் வந்தாக்கூட நான் நம்ப மாட்டேன். அப்படியே வந்தாலும் காய்க்காது. காய்ச்சாலும் மயிலு வுடாது."

"சரிங்ணா" என்றாள், தலையைத் தூக்காமல்.

"சும்மா சரிங்ணா, சரிங்ணான்னா?"

"சரிங்ணா."

அவர்கள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்கள். இவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஓரத்துத் தொட்டியில் லேசாக வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அதை நிழலுக்குள் ஒரு முழம் நகர்த்தி வைத்தேன். வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். வராது. எத்தனை பேர் கூடி நின்று பார்த்தாலும் அது வராது.